சின்ன நாட்டுக்கு எந்தப் போர் விமானம்? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பழைய ஃபிட்டரின் பதில்

தக்கலையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை விமானப் பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கிறாள். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "மாமா, பிலிப்பைன்ஸ், மலேசியா மாதிரி நாடுகள் எதற்காகத் தென் கொரியாவின் எஃப்ஏ-50, நம்ம தேஜஸ் என்று சின்ன விமானங்களைத் தேடிப் போகின்றன? அதே பணத்துக்கு ரஃபேல் மாதிரி நல்லதாக நாலு வாங்கினால் போதாதா? டிரோன் வந்த பிறகும் இதெல்லாம் தேவையா?"

போனிலேயே இரண்டு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், முடியவில்லை. 20 வருடம் விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டராக இருந்தவன் நான். பைலட் இல்லை. விமானம் மேலே என்ன செய்தது என்பதை விட, அது கீழே எத்தனை நாள் நின்றது என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த இடத்தில் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

நாலு போதாது மக்களே. நாலு விமானம் வைத்திருக்கிற நாட்டிடம் விமானப்படை இருக்கிறது என்றே நான் சொல்ல மாட்டேன், அது எவ்வளவு உயர்ந்த விமானமாக இருந்தாலும் சரி.

நம்ம கடற்கரையை நினைத்துப் பார். தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகள் ஒரு தடவை கிளம்பினால் வாரக்கணக்கில் திரும்பாது. அத்தனை நாளைக்கும் ஐஸ், டீசல், பத்துப் பேருக்குச் சாப்பாடு எல்லாம் முன்பணம். குளச்சலில் ஃபைபர் வள்ளம் வைத்திருப்பவர் அவுட்போர்டு எஞ்சினை மாட்டிக்கொண்டு இரவு போய் விடியும்போது வந்துவிடுவார். அவருக்கு ஆழ்கடல் சூரை கிடைக்காதுதான். ஆனால் வீட்டில் இருக்கிற நகையெல்லாம் விற்று ஒருவர் பெரிய படகை வாங்கிவிட்டு, ஐஸ் போடவும் டீசல் அடிக்கவும் கையில் காசில்லாமல் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் கட்டிப் போட்டிருந்தால் என்ன ஆகும்? படகு கெடும், கடன் ஏறும். எல்லாவற்றையும் விட மோசமானது, அவர் மகன் கடல் பழகாமலே வளர்ந்துவிடுவான். வள்ளக்காரர் மகனுக்குப் பதினெட்டு வயதில் காற்றும் நீரோட்டமும் கையில் வந்திருக்கும்.

விமானப்படையிலும் பழகுவதுதான் முக்கியம். பைலட்டுக்கு மட்டும் இல்லை, குண்டு ஏற்றுகிறவன், ரேடார் பார்க்கிறவன், எரிபொருள் லாரி ஓட்டுகிறவன் எல்லாருக்கும். விமானம் தினமும் கிளம்பினால்தான் பழக்கம் வரும்.

சரி, கணக்குக்கு வருவோம். அடையாளம் சொல்லாமல் ஒரு விமானம் உன் எல்லைக்குள் நுழைகிறது. ரேடியோவில் கூப்பிட்டால் பதில் இல்லை. அது கடத்தப்பட்ட பயணிகள் விமானமா, ரேடியோ கெட்டுப்போனதா, வேவு பார்க்க வந்ததா என்று யாராவது பக்கத்தில் போய்க் கண்ணால் பார்த்தாக வேண்டும். அதற்காக இரண்டு விமானங்கள் ஆயுதம் மாட்டி, எரிபொருள் நிரப்பி, ஓடுபாதை முனையில் இரவும் பகலும் தயாராக நிற்க வேண்டும். எங்கள் பேச்சில் அதற்கு ஓ.ஆர்.பி. என்று பெயர். கேட்டால் இரண்டே விமானம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த இரண்டை வருடம் முழுக்க நிறுத்த, பின்னால் ஏறக்குறைய ஒரு டஜன் விமானம் இருந்தால்தான் நாங்கள் மூச்சு விடுவோம்.

நாலே நாலு இருக்கிறது என்று வைத்துக்கொள். ஒன்று பெரிய சர்வீஸுக்குப் பிரித்துப் போட்டிருக்கும். இன்னொன்று ஏதாவது ஒரு பாகத்துக்காகக் காத்திருக்கும். மீதி இரண்டையும் ஓ.ஆர்.பி.யில் நிறுத்திவிட்டால் பைலட்டுகள் எதில் பயிற்சி எடுப்பார்கள்? ஒரு போர் விமானி கை மறக்காமல் இருக்க வருடத்துக்கு 180 மணி நேரம் பறக்க வேண்டும் என்பது நேட்டோ நாடுகள் வைத்திருக்கும் அளவு. பத்துப் பைலட்டுக்கு 1,800 மணி. அதை நாலு விமானத்தால் வகுத்தால் ஒவ்வொன்றும் வருடத்துக்கு 450 மணி பறக்க வேண்டும். அந்த ஓட்டத்தை எந்தப் போர் விமானமும் பல வருடம் தாங்காது. விமானத்தைக் காப்பாற்றப் பறப்பதைக் குறைப்பார்கள், பைலட்டின் கை துருப்பிடிக்கும். கடைசியில் விலையுயர்ந்த விமானத்தில் பழக்கமில்லாத ஆள் உட்கார்ந்திருப்பான்.

பணக்கார நாடுகளுக்கும் இது நடந்திருக்கிறது. 2014 பிப்ரவரி 17 அன்று எத்தியோப்பிய விமானம் ஒன்றை அதன் துணை விமானியே கடத்தி ஜெனீவாவில் இறக்கினார். பின்னாலேயே துணைக்கு வந்தவை இத்தாலி விமானங்களும் பிரான்ஸ் விமானங்களும். சுவிட்சர்லாந்திடம் எஃப்-18 போர் விமானங்கள் இருந்தன, ஒன்று கூடக் கிளம்பவில்லை. அது விடியற்காலை, சுவிஸ் விமானப்படையோ அப்போது அலுவலக நேரத்தில் மட்டும்தான் தயார் நிலையில் இருந்தது. விமானம் இருக்கிறது, ராத்திரி டியூட்டிக்கு ஆளும் பணமும் ஒதுக்கவில்லை. அதைச் சரி செய்து 24 மணி நேரக் காவலுக்கு வர அவர்களுக்கு 2020 இறுதி வரை ஆனது.

விலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நாம் 2016இல் 36 ரஃபேலுக்கு ஒப்பந்தம் போட்டது 787 கோடி யூரோவுக்கு, அன்றைய மதிப்பில் சுமார் 59,000 கோடி ரூபாய். 2021இல் 83 தேஜஸ் மார்க்-1ஏ வாங்கப் போட்ட ஒப்பந்தம் ஏறக்குறைய 48,000 கோடி. இரண்டையும் வகுத்துப் பார்த்து "மூன்றில் ஒரு பங்கு விலை" என்று சொல்பவர்களை நம்பாதே. ரஃபேல் தொகைக்குள் ஏவுகணைகள், உதிரி பாகங்கள், தளத்து வசதிகள் எல்லாம் அடங்கும். ஒரு ஒப்பந்தத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்க்காமல் விமானத்தின் விலையைப் பேசவே கூடாது. தவிர, வாங்குகிற விலை சின்னப் பகுதிதான். ஒரு போர் விமானம் முப்பது நாற்பது வருடம் பறக்கும். அந்தக் காலம் முழுக்க ஆகும் செலவில் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு எரிபொருள், உதிரி பாகம், ஓவர்ஹால், ஆட்களின் சம்பளம் என்றுதான் போகும். ஒற்றை இன்ஜின் சின்ன விமானத்தின் உண்மையான லாபம் இங்கேதான். ஓவர்ஹாலுக்குப் போவது ஒரு இன்ஜின், எரிபொருள் குறைவு, டயர் சிறிது, ஹேங்கர் சிறிது, வேலைக்கு ஆளும் குறைவு.

சுவீடன்காரர்கள் கிரிபென் விமானத்தை இந்த எண்ணத்தோடே வடிவமைத்தார்கள். போர் வந்தால் தளங்களைத்தான் முதலில் அடிப்பார்கள் என்று தெரிந்து, நெடுஞ்சாலைத் துண்டுகளில் இறங்கிப் பறக்கிற மாதிரி செய்தார்கள். சாலையோரத்தில் ஒரு டெக்னீஷியன், கூட ஐந்து கட்டாயச் சேவைப் பையன்கள். வான் சண்டைக்கான ஆயுதம் மாட்டி, எரிபொருள் நிரப்பிப் பத்து நிமிடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விமானம் இறங்கிய பிறகு மறுபடி கிளப்புவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவனுக்கு அந்தப் பத்து நிமிடத்தின் அருமை புரியும். ஒவ்வொரு மூடியும் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும், ஏணி தேடக் கூடாது, விதவிதமான ஸ்பேனர் வேண்டாம். வரைபட மேசையிலேயே யாரோ ஒருவர் ஃபிட்டரை நினைத்திருக்கிறார். அவரை நான் பார்த்ததில்லை, ஆனால் மனதார மதிக்கிறேன்.

இந்த எண்ணம் புதிதில்லை, நம் விமானப்படை அறுபது வருடத்துக்கு முன்பே அதில் பலன் கண்டிருக்கிறது. நாட் என்ற குட்டி விமானம். கான்பெர்ரா குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த பெட்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், போர் விமானங்கள் வருடா வருடம் கனத்துக்கொண்டும் விலை ஏறிக்கொண்டும் போவதைப் பார்த்துக் கவலைப்பட்டு, பாதி எடையில் ஒன்று செய்து காட்டினார். முதலில் பறந்தது 1955இல். நீளம் ஒன்பது மீட்டருக்கும் குறைவு. பிரிட்டன் அதைப் பயிற்சி விமானமாக மட்டும் எடுத்துக்கொண்டது. போர் விமானமாக எடுத்தவை நாமும் பின்லாந்தும், சோதித்துப் பார்க்க இரண்டு வாங்கிய யூகோஸ்லாவியாவும்தான். நாம் பெங்களூர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் அதைத் தயாரித்தே பழகினோம்.

1965 போரில் அது பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்தியது. 1971 நவம்பர் 22 அன்று வங்காள எல்லையில் போய்ரா பக்கம் 22ஆம் ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவின் நாலு நாட் விமானங்கள் மூன்று சேபர்களை எதிர்கொண்டு இரண்டை வீழ்த்தின. பாராசூட்டில் குதித்துப் பிடிபட்ட விமானிகளில் ஒருவர் பிற்காலத்தில் பாகிஸ்தான் விமானப்படைத் தளபதியே ஆனார். அதே டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்து நிர்மல் ஜித் சிங் செகோன் தன் நாட் விமானத்தைக் கிளப்பிக்கொண்டு மேலே போனார், தனியாகச் சண்டையிட்டு உயிரைக் கொடுத்தார். விமானப்படையில் இன்று வரை பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். அவருடைய 18ஆம் ஸ்குவாட்ரன்தான் 2020 மே மாதம் நம்ம கோயம்புத்தூர் சூலூரில் தேஜஸோடு மறுபடி உயிர் பெற்றது. பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது.

நாட் வென்றதற்குக் காரணம் எளிது. சின்னதாக இருந்ததால் எதிரியின் கண்ணில் சீக்கிரம் படவில்லை. சட்டென்று திரும்பியது. ஒரு பெரிய விமானத்தின் விலைக்கு இரண்டு மூன்று இருந்தன.

ஆனால் நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது உனக்குச் செய்கிற துரோகம். நான் சேர்ந்த காலத்தில் நாட் போய், அதன் அடுத்த வடிவமான அஜீத் இருந்தது. எல்லாவற்றையும் அந்தச் சின்ன உடம்புக்குள் திணித்திருப்பார்கள். ஒரு குழாயைக் கழற்ற வேண்டுமானால் அதற்கு முன்னால் இருக்கிற மூன்றைக் கழற்ற வேண்டும். சில இடங்களில் என் கை நுழையவே நுழையாது, மெலிந்த கை உள்ளவனைத் தேடிக் கூட்டி வருவோம். மணிக்கட்டு வரை உள்ளே விட்டு, கண்ணுக்குத் தெரியாத நட்டை விரல் நுனியால் தடவித் தடவித் திருக வேண்டும். வெளியே எடுத்தால் புறங்கை முழுக்கக் கீறல். நாட் விமானத்தின் துப்பாக்கிகள் சண்டை நடுவில் சிக்கிக்கொண்டதும் ஹைட்ராலிக்ஸ் தொல்லை கொடுத்ததும் எல்லாரும் அறிந்த கதை. விலை குறைந்த விமானம் என்றால் பராமரிப்பும் எளிது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வாங்கப் போகிற நாடு தன் ஃபிட்டர்களை அழைத்துப் போய், பேனலைத் திறந்து, கையை விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். இது நான் விளையாட்டாகச் சொல்வது இல்லை.

அமெரிக்கர்கள் இதே எண்ணத்தை வியாபாரமாகவும் அரசியலாகவும் செய்தார்கள். நார்த்ராப் கம்பெனியின் எஃப்-5 முதலில் பறந்தது 1959இல். அதன் இன்ஜின் ஜே-85 முதலில் ஒரு ஏமாற்று ஏவுகணைக்காகச் செய்யப்பட்டது, அவ்வளவு சின்னது. அதில் இரண்டைப் பொருத்தி, அதைச் சுற்றி விமானம் செய்தார்கள். தென் கொரியா, தைவான், ஈரான், தாய்லாந்து, பிரேசில், கென்யா, மலேசியா, சுவிட்சர்லாந்து என்று உலகம் முழுக்கப் போனது. 2,000க்கு மேல் தயாரித்தார்கள். பல நாடுகளில் ஒரு தலைமுறை விமானிகளுக்கும் டெக்னீஷியன்களுக்கும் அதுதான் பள்ளிக்கூடம்.

அதன் அடுத்த கட்டமாக அதே கம்பெனி சொந்தப் பணத்தில் எஃப்-20 செய்தது. 1982இல் பறந்தது. ஒற்றை எஃப்404 இன்ஜின், நல்ல ரேடார், வேகமாகக் கிளம்பும். பறந்து பார்த்தவர்கள் புகழ்ந்தார்கள். ஆனாலும் ஒன்று கூட விற்கவில்லை, 1986இல் மூடிவிட்டார்கள். ஏன் தெரியுமா? அமெரிக்க விமானப்படை அதை வாங்கவில்லை. செய்த நாடே பறக்க விடாத விமானத்தை இன்னொரு நாடு நம்பி வாங்காது. இருபது வருடம் கழித்து உதிரி பாகத்துக்கு எங்கே போவது என்ற பயம் நியாயமானதுதான். தேஜஸை வெளிநாட்டுக்கு விற்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நம் படையில் நூற்றுக்கணக்கில் பறந்த பிறகுதான் அடுத்தவன் கதவைத் திறப்பான். அதனால்தான் 2025 செப்டம்பரில் இன்னும் 97 தேஜஸுக்கு 62,370 கோடி ரூபாயில் ஒப்பந்தம் போட்டதை நான் ஏற்றுமதிக்கான முதல் படியாகவும் பார்க்கிறேன்.

இனி பிலிப்பைன்ஸ். நீ கேட்ட கேள்விக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 2005இல் அவர்கள் தங்கள் எஃப்-5 விமானங்களைக் கழித்துவிட்டார்கள். அடுத்த பத்து வருடம் ஒலியை விட வேகமாகப் பறக்கிற விமானம் ஒன்று கூட இல்லை. தென் சீனக் கடலில் தகராறு முற்றிக்கொண்டிருந்த அதே வருடங்கள். 2014இல் தென் கொரியாவிடம் 12 எஃப்ஏ-50களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள், 2015 நவம்பரில் முதல் இரண்டு வந்தன. பயிற்சி விமானத்திலிருந்து வளர்ந்த போர் விமானம் அது. சீனாவை எதிர்த்து நிற்கும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் நின்றுபோன ஒரு தொழிலை அது மறுபடி தொடங்கி வைத்தது. பத்து வருடம் வேகமான ஜெட்டே பறக்காத நாட்டில், கற்றுக்கொடுக்க ஆளே அற்றுப்போகும். அப்படிப்பட்டவர்களிடம் ரஃபேலைக் கொடுத்தால் எதில் தொடங்குவார்கள்?

2017இல் மராவி நகரத்தை ஆயுதக் குழுக்கள் பிடித்தபோது அந்த எஃப்ஏ-50கள் குண்டு போட்டன. அதில் ஒரு குண்டு இலக்குத் தவறித் தங்கள் சிப்பாய்கள் இருவரையே கொன்றது. 2025 மார்ச்சில் ஒன்று மலையில் மோதி இரண்டு விமானிகள் இறந்தார்கள். இத்தனைக்கும் பிறகு அதே வருடம் இன்னும் 12 வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். பழகிய விமானம், பழகிய ஆட்கள், இருக்கிற ஹேங்கர், இருக்கிற கருவிகள். அந்த முடிவு சரி என்றுதான் எனக்குப் படுகிறது. மலேசியாவும் 2023இல் 18 எஃப்ஏ-50களை 92 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. அந்தப் போட்டியில் நம் தேஜஸும் இருந்தது, கிடைக்கவில்லை.

போலந்தின் கதையையும் கேள். உக்ரைன் போர் தொடங்கிய வருடத்தில், 2022இல், அவசரமாக 48 எஃப்ஏ-50கள் வாங்கினார்கள். முதல் 12 விமானங்கள் 2023க்குள் வந்தும் விட்டன, அவ்வளவு வேகம். ஆனால் அவற்றில் பொருந்துகிற பழைய வகை ஏவுகணை இப்போது உற்பத்தியிலேயே இல்லை. விமானம் வந்தது, ஆயுதம் வரவில்லை.

அர்ஜென்டினாவுக்கு நடந்தது இன்னும் கசப்பு. அவர்கள் கொரிய விமானத்தைக் கேட்டார்கள். பிரிட்டனில் செய்த ஆறு முக்கியப் பாகங்கள் அதில் இருப்பதால் தர முடியாது என்று 2020இல் பதில் வந்தது. 1982 பாக்லாந்து போரின் பகை இன்னும் தீரவில்லை. நம் தேஜஸில் விமானியைக் காப்பாற்றும் இருக்கையே பிரிட்டனின் மார்ட்டின் பேக்கர் கம்பெனியுடையது. ஒரு இருக்கை போதும், ஒரு நாட்டின் வாசலை அடைக்க. கடைசியில் அவர்கள் டென்மார்க்கிடம் பழைய எஃப்-16கள் 24 வாங்கினார்கள். ஆகவே ஒரு விமானம் மலிவா என்று கேட்கும்போதே, அதற்குள் யார் யாருடைய பொருள் இருக்கிறது என்றும் கேட்டாக வேண்டும்.

எஃப்404 என்ற இன்ஜின் பெயர் மேலே வந்ததைக் கவனித்தாயா? எஃப்-20இல் அது. எஃப்ஏ-50இல் அது. கிரிபென் சி வகையில் இருப்பது அதிலிருந்து சுவீடன் செய்துகொண்டது. தேஜஸிலும் அதுதான். உலகத்தின் இலகு ரகப் போர் விமானங்களில் பல ஒரே இன்ஜின் குடும்பத்தின் தலையில் நிற்கின்றன. நாம் 2021இல் 99 இன்ஜின்களுக்கு ஆர்டர் கொடுத்தோம். நம் வகைக்கான உற்பத்தி வரிசை சில வருடங்களாக நின்று போயிருந்தது, அதை மறுபடி ஓட வைக்க வேண்டியிருந்தது. முதல் இன்ஜின் கைக்கு வந்தது 2025 மார்ச்சில். 2024 மார்ச்சில் தொடங்கியிருக்க வேண்டிய மார்க்-1ஏ ஒப்படைப்பு அதனாலும் வேறு காரணங்களாலும் தள்ளிப் போனது. அதற்குள் மிக்-21 தன் 62 வருட வேலையை முடித்துக்கொண்டு 2025 செப்டம்பர் 26 அன்று ஓய்வு பெற்றுவிட்டது.

காத்திருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு தளத்தில் நான் இருந்தபோது, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ரப்பர் சீல் வராமல் ஒரு விமானம் ஐந்து வாரம் நின்றது. தினமும் காலையில் உறையை எடுத்துத் துடைப்போம், சாயங்காலம் மூடுவோம். இரண்டாவது வாரத்தில் பக்கத்து விமானத்துக்கு ஒரு வால்வு தேவைப்பட, இதிலிருந்து கழற்றினோம். அடுத்த வாரம் ஒரு கேஜ். சீல் வந்து சேர்ந்தபோது அந்த விமானத்தில் குறைந்தது ஏழு பொருள் இல்லை. சின்ன விமானப்படைகள் சாவது பெரும்பாலும் இப்படித்தான், எதிரி தேவையே இல்லை. தென் ஆப்பிரிக்காவைப் பார். 26 கிரிபென் வாங்கினார்கள். மலிவாக ஓடுகிற விமானம் என்று உலகமே சொல்கிறது. பட்ஜெட் வெட்டியதில் 2013இல் 12 விமானங்களை நீண்ட காலச் சேமிப்பில் வைத்தார்கள். 2021இல் பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதியாகி ஏறக்குறைய ஒரு வருடம் ஒன்று கூடப் பறக்கவில்லை. வள்ளமே வாங்கினாலும் மண்ணெண்ணெய்க்குக் காசு வேண்டும்தானே.

நம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. சின்ன வயதில் நீ மான் பார்க்கப் போயிருப்பாய். உள்ளே டச்சுப் படை அதிகாரி டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை வென்றது. பிடிபட்ட டிலனாயைக் கொண்டு மன்னர் என்ன செய்தார்? படையைப் பயிற்றுவிக்க வைத்தார். அந்தக் கோட்டையிலேயே பீரங்கி வார்க்க வைத்தார். வெளியிலிருந்து துப்பாக்கி வாங்கிக்கொண்டே இருப்பதை விட, செய்யத் தெரிந்தவனிடம் கற்றுக்கொள்வது ஒரு சின்ன ராஜ்யத்துக்கு எவ்வளவு பெரிய பலம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இலகு ரக விமானத்தின் இன்னொரு மதிப்பு இதுதான். முன்னணிக் கனரக விமானத்தின் உள்ளே யாரும் உன்னைக் கை வைக்க விட மாட்டார்கள். நடுத்தரமான ஒன்று என்றால், ஓவர்ஹாலை உன் நாட்டிலேயே செய், சில பாகங்களை நீயே தயாரித்துக்கொள் என்று பேரம் பேச முடியும். நாட் விமானத்தைத் தயாரித்த கைகள்தான் அஜீத்தைச் செய்தன, பிறகு தேஜஸைச் செய்தன.

இலகு ரக விமானத்தால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். சின்ன மூக்கில் சின்ன ரேடார்தான் பொருந்தும். எரிபொருள் கொஞ்சம்தான், தூரம் போக வெளித் தொட்டி மாட்டினால் ஆயுதத்துக்கு இடம் குறையும். நவீனத் தரைவழி ஏவுகணைகள் நிறைந்த வானத்துக்குள் இதை அனுப்புவது விமானியைப் பலி கொடுப்பது. பக்கத்தில் பெரிய வல்லரசு இருந்து, அதனோடுதான் சண்டை வரும் என்றால், சின்ன நாடு பணத்தில் பெரும்பகுதியைத் தரைவழி வான் பாதுகாப்பில் போடுவதுதான் புத்தி.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது, சொல்லாமல் விட முடியாது. விலை குறைந்த ஜெட் விமானம் சொந்த மக்கள் மேல் குண்டு போடவும் வசதியானது. மியான்மரில் யாக்-130 மாதிரியான பயிற்சி விமானங்கள் கிராமங்கள் மேல் குண்டு போடுவதை உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. இலங்கை விமானப்படையின் கிபீர் விமானச் சத்தம் என்றால் என்ன என்று ஈழத்திலிருந்து வந்த எந்தத் தமிழரிடமும் நீ கேட்கலாம். எந்த அரசு, யார் மேல் பறக்க இதை வாங்குகிறது என்பதையும் சேர்த்துத்தான் நான் மதிப்புப் போடுவேன். விற்கிற நாடும் அதைக் கேட்க வேண்டும், நம் நாடு உட்பட.

டிரோன் பற்றிக் கேட்டாய். டிரோன் குண்டு போடும், வேவு பார்க்கும். ஆனால் ரேடியோ பேசாத பயணிகள் விமானத்தின் பக்கத்தில் போய், காக்பிட்டுக்குள் எட்டிப் பார்த்து, சிறகை ஆட்டி "என் பின்னால் வா" என்று சொல்கிற வேலைக்கு இன்னும் ஆள்தான் வேண்டும். அதோடு டிரோன் வந்ததாலேயே சின்ன விமானத்துக்குப் புது வேலை கிடைத்திருக்கிறது. மலிவான தாக்குதல் டிரோனைப் பத்து லட்சம் டாலர் ஏவுகணையால் அடித்தால் பணம்தான் தீரும். உக்ரைனில் யாக்-52 என்ற பழைய புரொப்பெல்லர் பயிற்சி விமானத்தின் பின்சீட்டில் ஒருவர் துப்பாக்கியோடு உட்கார்ந்து டிரோன்களைச் சுட்டிருக்கிறார்கள். குறைந்த செலவில் நிறைய நேரம் வானில் நிற்கக் கூடிய, மலிவான ராக்கெட் ஏற்றிய ஜெட்டுக்கு இனி தேவை கூடும் என்பது என் கணிப்பு.

2025 நவம்பர் 21 அன்று துபாய் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து நம் விமானி இறந்ததைச் சொல்லி, "இந்த விமானமே வேண்டாம்" என்று உன் வகுப்பில் சிலர் பேசியதாக எழுதியிருந்தாய். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. 2024 மார்ச்சில் ஜெய்சல்மேர் பக்கம் விழுந்ததுதான் தேஜஸின் முதல் விபத்து, அதில் விமானி பிழைத்தார். 2001இல் முதல் தடவை பறந்ததிலிருந்து 23 வருடம் ஒரு விமானம் கூட விழாமல் இருந்தது அதற்கு முன்னால். போர் விமானங்களில் அது அபூர்வம். இறந்தவருக்குச் செய்ய வேண்டியது விசாரணையை ஒளிவுமறைவில்லாமல் முடித்து, குற்றம் எங்கே இருந்தாலும் திருத்துவது.

கடைசியாக, அப்பாவிடம் சொல்லாமல் என்னிடம் மட்டும் கேட்டாயே, விமானப்படை அதிகாரி ஆவதற்கான ஏ.எஃப்.சி.ஏ.டி. தேர்வு எழுதலாமா என்று. எழுது. டெக்னிக்கல் பிரிவுக்கும் சேர்த்தே விண்ணப்பம் போடு. அறிவிப்பு வருடத்துக்கு இரண்டு தடவை வரும். அப்பாவிடம் நான் பேசுகிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை செய்: கல்லூரியில் காட்சிக்கு வைத்திருக்கிற பழைய இன்ஜினைப் பற்றிச் சொன்னாயே, ஆசிரியரிடம் அனுமதி வாங்கி அதன் ஒரு பேனலையாவது உன் கையாலேயே திறந்து மூடிப் பார். திறக்கும்போது எத்தனை ஸ்குரூ, மூடும்போது எத்தனை ஸ்குரூ என்று ஒரு தாளில் எழுதி வை. எங்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்தது அதுதான்.